நாகர்கோவில் பக்கம் வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? முதலில் நீங்கள் வாடகைக்கு வாருங்கள்

திருச்சியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வந்த பிஎஃப் பணத்தோடு நாகர்கோவிலுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. இரண்டு போர்ஷன் உள்ள ஒரு வீட்டை வாங்கி, மேலும் கீழுமாக இரண்டு குடும்பங்களை வைத்திருக்கிறேன். மாமியார் வீடு தக்கலைப் பக்கம் என்பதைத் தவிர எனக்கு இந்த ஊரில் வேறு பிடிமானம் கிடையாது. தூரத்தில் இருந்து புரோக்கரை நம்பி வாங்குவதைவிட நேரில் வந்து உட்கார்ந்து வாங்கினால் ஏமாற மாட்டோம் என்று நினைத்துத்தான் வந்தேன். வந்த பிறகும் ஏமாறத்தான் பார்த்தேன். நான் தடுக்கி விழுந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

1. வருகிற நேரம்

ஏப்ரல் கடைசியில் வாருங்கள். பிள்ளைகள் இருந்தால் பள்ளிச் சேர்க்கைக்கும் அதுதான் வசதி. ஆனால் முக்கியக் காரணம் மழை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு தொடங்கும், அக்டோபரில் வடகிழக்கு பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டையும் நீங்கள் ஒரு வாடகை வீட்டில் இருந்து பார்த்த பிறகுதான் வாங்குகிற பேச்சை எடுக்க வேண்டும்.

நான் ராமன்புதூரில் மாதம் 9,000 ரூபாய்க்கு ஒரு வீடு பிடித்தேன். அட்வான்ஸ் 50,000. லாரிச் செலவும் ஏற்றி இறக்கும் கூலியுமாக 22,000. பதினொரு மாத வாடகையைச் சேர்த்தால் அட்வான்ஸ் போக 1 லட்சத்து 21 ஆயிரம் வருகிறது. 'வாங்கத்தானே வந்தோம், வாடகைக்கு ஏன் இவ்வளவு அழவேண்டும்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால் வந்த இரண்டாவது மாதமே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். அந்த அவசரம் எத்தனை மாதத்தைத் தின்றது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வாடகை ஒப்பந்தத்தை முதல் வாரத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஆதார் முகவரி மாற்றம், கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார்கள். வீடு தேடும்போது சிலர் 'கோவிலா, சர்ச்சா' என்று நாசூக்காக விசாரிப்பார்கள். முகம் சுளிக்காமல் கடந்துவிடுங்கள். நாளைக்கு நீங்கள் வீட்டுக்காரர் ஆகும்போது அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்தால் போதும்.

2. யார் குடிவரப் போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

வீட்டைத் தேடுவதற்கு முன் குடியிருக்கப் போகிறவரைத் தேடுங்கள். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், ஆய்வகப் பணியாளர்கள் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், வீடு காலியாகக் கிடப்பது குறைவு. கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் அரசு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. வடசேரி, வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம் பக்கம் மாற்றலாகி வரும் வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் குடும்பத்தோடு வருவார்கள், வந்தால் இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள். கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாலும், அங்கே வேலை பார்த்துக்கொண்டு பிள்ளைகளின் படிப்புக்காக நாகர்கோவிலிலும் அஞ்சுகிராமம் பக்கமும் வீடு எடுக்கிறவர்கள் உண்டு.

மார்த்தாண்டம், குழித்துறை வேறு உலகம். கேரளப் போக்குவரத்தும் வியாபாரமும் சேர்ந்த இடம், கடை வாடகைக்குத்தான் அங்கே மவுசு. எனக்கு அதில் அனுபவம் போதாது.

கடலோரக் கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே போடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. ஐயப்பன் சீசனில் கூட்டம் வரும், உண்மைதான். ஆனால் அது தினமும் படுக்கை விரிக்கிற தொழில். உப்புக் காற்றில் ஜன்னல் கிரில் துரு ஏறும், ஏசி சீக்கிரம் பழுதாகும். மாத வாடகை வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

3. வீட்டை மழையில் பாருங்கள்

மே மாதம் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். புதுசாகப் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் இன்னும் அழகு. ஜூன் இரண்டாவது வாரம், இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு அதே வீட்டுக்குப் போங்கள். சன்ஷேடுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுவர் ஜில்லென்று ஈரமாக இருந்தால் மேலே எங்கோ விரிசல் இருக்கிறது. கட்டில் போட்ட மூலையில் பூஞ்சை வாடை அடிக்கிறதா, அலமாரியின் பின்பலகை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

நாகர்கோவிலைச் சுற்றிப் பல மனைகள் வயலை நிரப்பி உண்டாக்கியவை. அடையாளம் சுலபம்: மழை விட்ட ராத்திரி தவளைச் சத்தம் வாசல் வரைக்கும் வரும், தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் காலை வரைக்கும் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் செப்டிக் டேங்கும் மழைக்காலத்தில் நிறைந்துவிடும், அந்தப் பிரச்சினை நேரே உங்கள் போனுக்குத்தான் வரும்.

கிணறும் செப்டிக் டேங்கும் எவ்வளவு தூரம் என்று கால்நடையாக அளந்து பாருங்கள். ஐந்து சென்டில் வீடும் கட்டி இரண்டையும் நுழைத்திருந்தால் சந்தேகம்தான். கடற்கரைக்குப் பக்கமென்றால் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள், உப்பு நாக்கிலேயே தெரியும்.

அடுத்தது வழி. இந்த மாவட்டத்தில், அதிலும் கல்குளம், விளவங்கோடு பக்கம், தெருவை ஒட்டி வரிசையாக வீடு இருப்பது குறைவு. ஆளுக்கொரு தோப்பு, தோப்புக்கு நடுவே வீடு. புரோக்கர் 'கார் போகும் சார்' என்பார். கார் இன்றைக்குப் போகும், பக்கத்துத் தோப்புக்காரர் மனம் வைத்திருக்கும்வரை. அந்த வழி உங்கள் பத்திரத்தில் பாத்தியமாக எழுதப்பட்டிருக்கிறதா, புலப்படத்தில், அதாவது சர்வே துறையின் நில வரைபடத்தில், பாதையாக வரைந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இங்கே அண்ணன் தம்பிக்குள் நடக்கும் வழக்குகளில் பாதி இரண்டடிப் பாதைக்குத்தான் என்று என் வக்கீல் சொல்வார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிற ஆள், ஆனாலும் நான் நம்புகிறேன்.

4. காகிதங்கள்

வீடு பிடித்துவிட்டால் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: கிரையப் பத்திரத்தின் அசல், தாய்ப்பத்திரம் (அதற்கு முந்தைய உரிமையாளர்களின் பழைய பத்திரம்), பட்டா, புலப்படம், கட்டட வரைபட அனுமதி, கடைசி அரையாண்டின் சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். நகல் போதும் என்று சொல்லாதீர்கள். அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும். 'பேங்க் லாக்கர்ல இருக்கு' என்றால் லாக்கர் திறக்கிற நாளில் கூடவே போங்கள். அடமானத்தில் இருக்கிற பத்திரத்துக்கும் அதே பதிலைத்தான் சொல்வார்கள்.

வில்லங்கச் சான்றை, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியலை, எல்லாரும் ஈசி என்று சொல்வதை, பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். 13 வருடத்துக்குப் போட்டால் போதும் என்பார்கள். 30 வருடத்துக்குப் போடுங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த மாவட்டத்தில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. 1956 நவம்பருக்கு முன் இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி. அதனால் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். எனக்கு வந்த தாய்ப்பத்திரமும் அப்படித்தான், பழைய கையெழுத்தில் ஒரு எழுத்தும் புரியவில்லை. அதை வாசித்துத் தமிழில் எழுதித் தருகிற பெரியவர்கள் பத்திர எழுத்தர் அலுவலகங்களில் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு 2,500 ரூபாய் ஆனது. அதில்தான் வழிப் பாத்தியம் இரண்டு வரியில் இருந்தது. பின்னால் வந்த தமிழ்ப் பத்திரங்களில் அது விடுபட்டிருந்தது. அதோடு, பழைய பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண், இப்போதைய பட்டாவில் இருப்பது பின்னால் மறுபடி அளந்து கொடுத்த ரீசர்வே எண். இரண்டும் ஒரே இடம்தானா என்பதை நீங்கள் ஊகிக்க வேண்டாம், கிராம நிர்வாக அலுவலரிடமோ சர்வேயரிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள். ஈசி போடும்போதும் இரண்டு எண்ணுக்கும் தேடுங்கள்.

ஊரில் பேச்செல்லாம் சென்டில், பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், அதாவது 435.6 சதுர அடி. பட்டாவில் 2.12 ஏர் என்றிருந்தால் 212 சதுர மீட்டர், ஐந்தேகால் சென்ட். பத்திரத்தில் ஆறு சென்ட் என்று எழுதியிருந்து பட்டாவில் ஐந்தேகால் இருந்தால், விலை எதற்குப் பேசுகிறோம் என்பதை அப்போதே தீர்த்துவிடுங்கள்.

இன்னும் சில பொறிகள். வழிகாட்டி மதிப்பை, அதாவது அரசு நிர்ணயித்த நில மதிப்பை, பதிவுத்துறை தளத்தில் பாருங்கள். அந்த சர்வே எண்ணுக்கு நேரே பூஜ்ஜியம் என்று இருந்தால் கோவில் நிலமாகவோ வக்பு நிலமாகவோ அரசு நிலமாகவோ இருக்க வாய்ப்புண்டு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வெறும் மனை வாங்கி வீடு கட்டுவதாக இருந்தால், அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பதிவே ஆகாது. தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கத்து மலையடிவாரக் கிராமங்கள் சிலவற்றுக்கு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் தேவைப்படும். மாடி கட்டிய வீடு என்றால் வரைபட அனுமதியும் சொத்து வரியும் மாடிக்கும் சேர்த்து இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் வரி கீழ்த்தளத்துக்கு மட்டும், மாடி காகிதத்தில் பிறக்கவே இல்லை. வங்கிக் கடன் கேட்டால் அங்கேயே நின்றுவிடும்.

விற்பவர் வெளிநாட்டில் இருப்பது இங்கே சர்வசாதாரணம். தம்பி பேரிலோ மச்சான் பேரிலோ பவர், அதாவது அவருக்காக விற்கும் அதிகாரப் பத்திரம், இருக்கும். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பதிவு நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் வேண்டும், அது 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். என் விற்பனையாளரின் சான்று 34 நாள் பழையது. அந்த நாலு நாளுக்காகப் பத்திரப்பதிவு இரண்டு வாரம் தள்ளிப்போனது.

5. கதவைத் தட்டுங்கள்

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வலித்தது இதுதான். வெட்டூர்ணிமடத்துக்கு உள்ளே, கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன், ஐந்தேகால் சென்ட். உரிமையாளர் வளைகுடாவில், தம்பிக்குப் பவர். மேல் மாடி காலி. கீழே யாரோ இருந்தார்கள். 'வாடகைக்காரங்கதான் சார், ஒரு மாசத்துல மாறிருவாங்க. பேப்பர் எல்லாம் கிளியரு, பாத்துக்கிடுங்க' என்றார் புரோக்கர். ஈசியில் ஒன்றும் இல்லை. ஒரு லட்சம் முன்பணம் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, தண்ணீர் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டை வாங்கப் போகிறேன் என்றதும் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். அரிசிப் பானைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து நீட்டினார். 20 ரூபாய் முத்திரைத்தாள். நாலு லட்சம் ரூபாய் ஒற்றி, மூன்று வருடம், உரிமையாளரின் கையெழுத்து, இரண்டு சாட்சி.

'மக்களே, எனக்க பைசாவத் தந்தா நான் ஏன் இங்க கெடக்கப் போறேன்?'

ஒற்றி என்றால் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, போகும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. மற்ற ஊர்களில் போக்கியம், லீஸ் என்பார்கள். இந்த மாவட்டத்தில் வெகு சாதாரணம். முறையாக அதைப் பதிவு செய்ய வேண்டும். யாரும் செய்வதில்லை. பதியாத தாள் ஈசியில் வராது.

வக்கீலிடம் போனேன். அந்தத் தாளுக்கு அடமானப் பத்திரம் என்ற பலம் கிடையாது, ஆனால் ஆள் உள்ளே இருக்கிறார் என்றார். ஒரு வீட்டில் யார் குடியிருக்கிறாரோ அவருக்கு என்ன உரிமை என்பது வாங்குபவருக்குத் தெரியும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நாம் சொல்ல முடியாது. அது போக, அந்த அம்மாவின் நாலு லட்சம் பொய்யில்லை. அவர் மகளின் நகையை விற்றுக் கொடுத்த பணம்.

மூன்று மாதம் போன் பேசி முடிவுக்கு வந்தது: விலையில் நாலு லட்சத்தை நானே பதிவு நாளன்று அந்த அம்மாவின் வங்கிக் கணக்கில் போடுவது, அவர் பழைய தாளை ரத்து செய்து கையெழுத்திட்டுச் சாவியைக் கொடுப்பது, மீதியை உரிமையாளர் கணக்கில் போடுவது. இந்த மூன்றையும் கிரய ஒப்பந்தத்தில் எழுதினோம். அப்படியே நடந்தது.

அதனால் முன்பணத்துக்கு முன்பே கதவைத் தட்டுங்கள். குடியிருப்பவரிடம் மூன்று கேள்வி: எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள், எழுத்து இருக்கிறதா. அப்புறம் நாலாவதாக, வீடு எப்படி என்று கேளுங்கள். அந்த அம்மா போகிற அன்று என்னை வடக்குப் பக்கம் அழைத்துப்போய், 'ஐப்பசி மழைக்கு இந்தச் செவர்ல தண்ணி எறங்கும் பாத்துக்க' என்று காட்டினார். ஐப்பசியில் சரியாக அந்த இடத்தில்தான் இறங்கியது.

6. முன்பணமும் பதிவும்

வீட்டுக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது, வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. வங்கி வழியாகவே கொடுங்கள். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012-லிருந்து அது கட்டாயம், அதோடு பதிந்துவிட்டால் ஈசியிலும் ஏறும், உரிமையாளர் இன்னொருவரிடம் கைநீட்ட முடியாது.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு. கட்டடத்துக்குத் தனியாக மதிப்புப் போடுவார்கள். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 10 லட்சத்துக்கு நாகர்கோவிலில் வீடு ஏது, சின்ன மனைக்கு உதவும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்பவரின் வருமான வரியை, விலையிலிருந்து பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) என்றால் இந்த 50 லட்ச வரம்பே கிடையாது, விகிதமும் அதிகம். என் வீடு 42 லட்சம்தான், அதனால் டிடிஎஸ் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். பதிவுக்கு ஒரு வாரம் முன்பு ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது. விற்பவர் வளைகுடாவில் இருக்கிறார் என்றால் விலை பேசும் அன்றே ஆடிட்டரைப் பாருங்கள்.

நாள் குறிக்கும்போது மாவட்டத்தின் உள்ளூர் விடுமுறைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காடு கொடை என்று வெளியூர் காலண்டரில் இல்லாத விடுமுறைகள் இங்கே உண்டு. ஆடியில் பத்திரம் போட மாட்டார்கள், ஆனால் விலை பேச ஆடிதான் நல்ல மாதம். வேறு ஆள் வராததால் விற்பவர் இறங்கி வருவார். ஆவணி முதல் வாரம் டோக்கன் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே போடுங்கள்.

7. பெயர் மாற்றம்

பட்டா, சொத்து வரி, தண்ணீர் இணைப்பு, மின் இணைப்பு. நாலையும் முதல் மாதமே தொடங்குங்கள். உட்பிரிவு இல்லாத முழுப் பட்டா என்றால் பதிவோடு சேர்ந்தே நகரும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், எனக்கு எட்டு வாரம் ஆனது. சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்தில், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. இரண்டு போர்ஷனுக்கும் ஒரே மீட்டர் இருந்தால் குடிவைப்பதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறும், மேல்வீட்டு ஏசிக்குக் கீழ்வீட்டுக்காரர் ஏன் கொடுக்க வேண்டும்? அந்தச் சண்டையில் நடுவராக உட்காருவது உங்கள் தலையில்தான் விடியும்.

8. கணக்கு

என் கணக்கை அப்படியே தருகிறேன். விலை 42 லட்சம். தீர்வையும் கட்டணமும் 3 லட்சத்து 78 ஆயிரம். புரோக்கருக்கு 1 சதவீதம், 42,000. வக்கீல், பத்திர எழுத்தர், மலையாளம் வாசித்த பெரியவர் எல்லாம் சேர்த்து 18,000. வடக்குச் சுவர், மொட்டை மாடி, ஒயரிங், தனி மீட்டர் வேலைகளுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம். ஏறக்குறைய 48 லட்சம்.

வாடகை கீழே 9,500, மேலே 8,000. வருடத்துக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைத்து 17,500 கழியுங்கள். சொத்து வரி 4,200. பழுது பார்க்க 22,000. கையில் நிற்பது 1 லட்சத்து 66 ஆயிரத்துச் சொச்சம். முதலீட்டுக்கு மூன்றரை சதவீதம் கூட வரவில்லை. வங்கியில் போட்டிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்கும், தவளையும் கத்தாது. நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கையும், இந்த ஊரில் வாழ வேண்டும் என்ற ஆசையும் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். கடன் வாங்கி, வாடகையில் தவணை கட்டலாம் என்று யாராவது சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

வருமான வரியில் ஒரு ஆறுதல்: வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு, செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும்.

9. குடிவைப்பது

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென இணையதளம் இருக்கிறது. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. 'பதினொரு மாதம் எழுதினால் எதையும் பதிய வேண்டாம்' என்று ஊரில் சொல்வார்கள். அது பத்திரப்பதிவுக் கணக்கு. வாடகைச் சட்டத்துக்கு அது பொருந்தாது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை என்று பத்திர எழுத்தர் வைத்திருக்கும் மாதிரியில் இந்த ஊருக்கான விஷயம் ஒன்று இருக்காது. தேங்காய். என் வளாகத்தில் நாலு தென்னை. முதல் வெட்டுக்கு நான் ஆள் கூட்டிப் போனேன். கீழ்வீட்டுச் சார் ஏற்கெனவே வெட்டி, உரித்து, பாதியை ஊருக்கு அனுப்பியிருந்தார். 'வளாகத்தோடதானே வாடகை' என்றார். அவர் சொன்னதும் நியாயம், நான் நினைத்ததும் நியாயம். இப்போது எழுத்தில் இருக்கிறது: வெட்டுக்கூலி என்னுடையது, காய் மூன்று பங்கு, ஆளுக்கு ஒன்று. மா, பலா, முருங்கை இருந்தாலும் எழுதிவிடுங்கள். காய் தலையில் விழாமல் இருக்க வெட்டு தவறக் கூடாது, அதைக் குடியிருப்பவர் பொறுப்பில் விடாதீர்கள்.

குடிவருபவரின் ஆதார் நகல், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை, பழைய வீட்டுக்காரரின் போன் எண். மூன்றாவதைத்தான் நான் உண்மையில் பயன்படுத்துகிறேன். போன் போட்டு, 'அட்வான்ஸில் எவ்வளவு கழித்துக் கொடுத்தீர்கள்' என்று மட்டும் கேட்பேன். ஒன்றும் கழிக்கவில்லை என்றால் அடுத்த கேள்வியே வேண்டாம்.

நேரில் இருக்கிறோம் என்பதற்காக வாரம் ஒருமுறை போய் நிற்காதீர்கள். உள்ளே போக வேண்டுமென்றால் ஒரு நாள் முன்பே சொல்லுங்கள், சட்டமும் அதைத்தான் கேட்கிறது. வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும். நான் மார்ச் மாதம் ஒருமுறை மொட்டை மாடி பார்க்கப் போவேன், ஏப்ரலில் கொத்தனாரை விடுவேன். மே கடைசியில் கொத்தனார் கிடைக்க மாட்டார், எல்லாருக்கும் அப்போதுதான் மழை ஞாபகம் வரும்.

10. காலி செய்யும் நாள்

ஈபி மீட்டரைக் குடிவருகிற அன்றும் போகிற அன்றும் தேதியோடு போட்டோ எடுத்து இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் அப்படியே. கழிக்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் பழுதுக்குக் கழிப்பது குழாய், சுவிட்ச், கண்ணாடி மட்டும். பெயிண்டுக்குக் கழிப்பதில்லை, இந்த ஊர் மழைக்கு எந்தப் பெயிண்டும் மூன்று வருடம் நிற்காது. சாவி கையில் வாங்கிய அன்றே அட்வான்ஸை அனுப்பிவிடுங்கள். போன வருடம் மேல்வீட்டிலிருந்து மாற்றலாகிப் போன செவிலியர், அன்று சாயங்காலமே தன்னுடன் வேலை செய்யும் இன்னொருவரை அனுப்பி வைத்தார். வீடு ஐந்து நாள்தான் காலியாக இருந்தது.